பச்சிங்கோ இயந்திரத்தை வீட்டில் வைத்து விளையாடுவதில் என்ன சுவை இருக்கிறது?

ஜப்பானியப் பச்சிங்கோ, ஸ்லாட் இயந்திரங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டா, பணம் வைக்காமல் ஆடுவதில் என்ன சுவை என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சிங்கோ என்பது, ஆணிகள் அடித்த நிமிர்ந்த பலகையில் சிறு எஃகுக் குண்டுகளை ஏவி, வாய்களில் விழவைக்கும் ஆட்டம்; ஸ்லாட் என்பது, சுழலும் உருளைகளின் சின்னங்களை வரிசையில் நிறுத்தும் ஆட்டம். ஜப்பானின் நகோயா நகரில் வேலை பார்க்கும் நான் ஐந்து ஆண்டுகளாக இரண்டிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். இவற்றைக் காசுக்கு ஆடும் பச்சிங்கோ கூடத்தில் உட்கார்ந்து பணத்தை விடுவதில் எனக்கு என்றுமே நாட்டமில்லை; பச்சிங்கோ பலகையில் அடித்திருக்கும் பித்தளை ஆணிகளின் மேல்தான் ஆசை.

கூடங்களில் பழைய மாடல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துக்கொண்டே இருப்பதால், கழித்தவை மலிவாகவே கிடைக்கும். ஆனால் பச்சிங்கோ 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுவது. வீட்டுச் சுவரில் வருவதோ 100 வோல்ட். நான் முதலில் வாங்கியதில் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை, கதவுச் சாவியும் இல்லை. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வாரம் அது வெறும் பெட்டியாகவே கிடந்தது.

கூடத்தில் உள்ளே விழும் குண்டுகளை இயந்திர வரிசைக்குப் பின்னாலுள்ள அமைப்பு வாங்கிக்கொண்டு திரும்ப அனுப்பிவிடும். வீட்டில் அந்த வசதி கிடையாது என்பதால், குண்டுகளைச் சுழலவிடும்படி மாற்றியமைத்த இயந்திரத்தை வாங்க வேண்டும், அல்லது பின்னால் ஏதாவது பாத்திரம் வைக்க வேண்டும். நான் சிறிய டப்பா ஒன்றை வைத்தேன். நள்ளிரவில் அது நிரம்பி வழிய, 11 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் மரத்தரை முழுவதும் உருண்டோடின; கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்துவிட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்டு வந்த கையோடு, தடித்த ரப்பர் விரிப்பும் சுழற்சி அமைப்பும் வாங்கிவிட்டேன்.

இனி ஆணிகளுக்கு வருகிறேன். பலகையின் நடுக்கீழே, குண்டு விழுந்தால் பரிசு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு வாய்க்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘ஹெஸோ’, அதாவது தொப்புள். அதற்கு நேர்மேலே இருக்கும் இரண்டு ஆணிகளை ‘உயிர் ஆணி’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அது அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டமே மாறிவிடும். கூடத்தில் தொட முடியாத அந்த ஆணிகளை, வீட்டில் கண்ணாடியைத் திறந்து ஒரு சிறு பித்தளைச் சுத்தியலால் மயிரிழை நகர்த்தி, நூறு குண்டுகள் விட்டு எத்தனை உள்ளே விழுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். இப்போதைய ஆணி வரிசைக்கெல்லாம் அடித்தளம் இட்டவர் இதே நகோயாவின் மசமுரா தகேயிச்சி. போர் முடிந்த சில ஆண்டுகளில் அவர் வகுத்த அமைப்பு, குண்டு நேராக இறங்கிவிடாமல் அங்குமிங்கும் தட்டுப்பட்டுத் தயங்கித் தயங்கி இறங்கும்படி செய்தது. அந்தத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குப் போய்விடும்.

ஸ்லாட்டின் சுவை வேறு. நெம்புகோலைத் தட்டிய கணத்திலேயே குலுக்கல் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மூன்று பொத்தான்களால் மூன்று உருளைகளையும் நாமே நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்தியபின் நான்கு சின்னங்கள் வரைதான் உருளை நழுவலாம் என்பது விதி. ஆகவே, ஓடும் சின்னத்தைக் கண்ணால் பிடித்து அழுத்தும் பழக்கம் இல்லையென்றால் விழுந்த பரிசும் வரிசையில் வந்து நிற்காது. கூடத்தில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மெடல் (காசுக்குப் பதிலாக இயந்திரத்தில் போடும் உலோக வில்லை), ஒரு மெடல் வழக்கமாக 20 யென் என்று கொடுத்து இதைக் கற்பது பெருஞ்செலவு. வீட்டில் நான் மூன்று மாதம் நிதானமாகப் பழகினேன். பரிசு விழும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கும், கூடக்காரர் மட்டுமே அறிந்த 1 முதல் 6 வரையிலான அமைப்பு நிலையையும் சாவி போட்டு நாமே மாற்றலாம். 1-இல் ஒரு வாரம், 6-இல் ஒரு வாரம் என்று ஆடிக் கணக்கெழுதிய பிறகு, சில நூறு ஆட்டங்களை வைத்து ‘இது நல்ல இயந்திரம்’ என்று கூடத்தில் சொல்வது எவ்வளவு பிழையானது என்பது எனக்கு உறைத்தது.

வாங்குவதாக இருந்தால், ஒலியைக் குறைக்கும் வசதியும், மெடல் இல்லாமல் ஆடவைக்கும் கருவியும் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட் 35 கிலோவுக்குக் குறையாது. தத்தாமி பாயின் மேல் வைத்தால் பள்ளம் விழும். 2022-இலிருந்து வரும் மெடலில்லா ‘ஸ்மார்ட்’ வகைகளுக்குக் கூடத்தின் தனிக்கருவி தேவைப்படுவதால், முதல் இயந்திரமாக அவற்றை எடுக்க வேண்டாம். எதை வாங்கினாலும், கதவைத் திறந்து ஓட்டிக் காட்டச் சொல்லி, சாவியைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.