பாங்காக் நொய் பழைய ரயில் நிலையத்தில் ஒரு மருத்துவ அருங்காட்சியகம்: கேள்வி பதில்

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், பாங்காக் நொய் கால்வாய் ஆற்றில் கலக்கும் முனையில் உள்ள சிரிராஜ் பிமுக்ஸ்தான் அருங்காட்சியகத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் அவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கோவை வாசகர்: ரயில் நிலையத்துக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு? காலியாகக் கிடந்த கட்டடத்தில் பொருள்களை அடுக்கி வைத்துவிட்டார்களா?

இல்லை. அந்த மண்ணுக்கு மருத்துவமும் ரயிலும் இரண்டுமே வரலாறுதான். அவற்றுக்கு முன்னே ஓர் அரண்மனையும் உண்டு. முதலாம் ராமா மன்னர் காலத்தில் அவருடைய சகோதரி மகனான அனுராக் தேவேஷ் இளவரசர் வாழ்ந்த ‘வாங் லாங்’ என்னும் பின் அரண்மனை இப்பகுதியில்தான் இருந்தது. பின்னர் பாழடைந்த அந்த நிலத்தில், ஐந்தாம் ராமாவான சுலாலங்கோர்ன் மன்னர் 1888இல் மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில் வயிற்றுக்கடுப்பால் இறந்த அவருடைய குழந்தை சிரிராஜின் பெயரே மருத்துவமனைக்கு வைக்கப்பட்டது. குழந்தையின் தகனச் சடங்குக்காக எழுப்பிய மண்டபங்களின் மரமும் கட்டுமானப் பொருள்களும் மருத்துவமனைக்கே அளிக்கப்பட்டன.

அதன் பக்கத்திலேயே 1903இல் பெட்சபுரி வரை செல்லும் ரயில் பாதையின் தலைநிலையம் அமைந்தது. அங்கு குடியிருந்த முஸ்லிம் சமூகத்துக்குக் கால்வாயின் எதிர்க்கரையில் மாற்று நிலம் தரப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான நிலையம், 1950இல் மணிக்கூண்டுடன் கூடிய செங்கல் கட்டடமாக மீண்டும் எழுந்தது. 2003இல் ரயில்வே தன் நிலத்தில் 33 ராய், அதாவது சுமார் 13 ஏக்கரை மருத்துவமனைக்குக் கொடுத்தது. புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது பின் அரண்மனையின் கோட்டைச் சுவர் அடித்தளமும், பெரிய மரப்படகு ஒன்றும், பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. அகழ்ந்ததை அந்த இடத்திலேயே காட்டுவது என்று முடிவு செய்ததால்தான் இந்த அருங்காட்சியகம் உருவானது. ஆகவே, கட்டடத்தை வெறும் உறையாகக் கருதி நேராக உள்ளே இருக்கும் பழைய மருந்துக்கடைக் காட்சிக்குப் போகிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

திருச்சி, தாம்பரம், கொழும்பு வாசகர்கள்: எப்படிச் செல்வது? எந்த நாள் விடுமுறை?

செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். படகில் சென்று வாங் லாங் துறையில் இறங்கி நடப்பது எளிது. ஓர் எச்சரிக்கை: இந்தப் பழைய நிலையத்தின் மறுபெயரான ‘தோன்புரி ரயில் நிலையம்’ என்று வாடகைக் கார் ஓட்டுநரிடம் சொன்னால், இன்று ரயில்கள் புறப்படும் புதிய நிலையத்தில் இறக்கிவிடுவார், அது மேற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மதுரை வாசகர்: பதப்படுத்திய உடல்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகம் இதுதானே?

இதுவன்று. உடற்கூற்றியலும் தடயவியலும் தொடர்பான அந்தச் சேகரிப்பு, அதே மருத்துவமனை வளாகத்தில் அதுல்யதேஜ் விக்ரம் கட்டடத்தில் உள்ளது. இரண்டும் வேறு வேறு. இதே கேள்வி வேறு சொற்களில் இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே விடை.

தஞ்சாவூர் சித்த மருத்துவ மாணவி: தாய்லாந்து மருத்துவம் நம் சித்த மருத்துவத்திலிருந்து சென்றது என்று படித்தேன். அருங்காட்சியகத்தில் அதற்குச் சான்று உண்டா?

சான்று தேடும் இடம் அதுவன்று. ஆனால் உங்கள் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும். தாய்லாந்தின் மரபு மருத்துவம் உடலை மண், நீர், காற்று, தீ என்று நான்காகப் பகுக்கிறது. மண்ணின் கூறுகள் 20, நீரின் கூறுகள் 12, காற்றின் கூறுகள் 6, தீயின் கூறுகள் 4, ஆக மொத்தம் 42. இந்தக் கணக்கு பாலி மொழிப் பௌத்த நூல்களில் அப்படியே இருக்கிறது. நம் சித்த மருத்துவமோ ஆகாயத்தையும் சேர்த்துப் பூதங்களை ஐந்தாக எண்ணுகிறது. அவர்கள் தங்கள் மருத்துவத்தின் தந்தையாக வணங்குபவரும் புத்தர் காலத்து வைத்தியரான ஜீவகரே. எனவே முதன்மையான வழி பௌத்தத்தின் வழி.

அதே நேரத்தில், தாய்லாந்து மசாஜ் கற்றுத்தரும் ஆசான்கள் உடலில் 72,000 நாடிகள் என்றும் அவற்றுள் தலையானவை பத்து என்றும் சொல்வார்கள். முதல் மூன்றும் இதா, பிங்கலா, சுமனா. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று படித்த உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய பத்தில் ஏனையவை நம் தச நாடிப் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை; அந்த நாடிகள் உடலில் ஓடும் தடமும் வேறு. இந்தியாவிலிருந்து சென்ற பொதுச்சொத்தை அவர்கள் தங்கள் கைப்பழக்கத்துக்கேற்ப வளர்த்திருக்கிறார்கள் என்பதே என் கருத்து. இதை ஆழமாகப் பார்க்க ஆற்றைக் கடந்து வாட் போ கோவிலுக்குச் செல்லுங்கள். மூன்றாம் ராமா காலத்தில் பொறித்த மருத்துவக் கல்வெட்டுகளும், உடலை முறுக்கி அமர்ந்திருக்கும் முனிவர் சிலைகளும் அங்கே உள்ளன. அக்கல்வெட்டுத் தொகுதியை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சேலம் வாசகர்: சித்த மருத்துவத்திலிருந்துதான் வந்தது என்று ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறீர்கள்?

மேலே உள்ள விடையைப் படியுங்கள்.

ஈப்போ வாசகர்: என் பாட்டனாரைத் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு போனார்கள். அவர் இந்த நிலையத்தில்தான் இறங்கியிருப்பார் என்று குடும்பத்தில் பேசிக்கொள்வார்கள். உண்மையா, ஐயா?

மலாயாவிலிருந்து சென்றவர் இங்கு இறங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலாயாவின் ரயில்பாதை 1918இலேயே பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்தின் தெற்குப் பாதையோடு இணைந்துவிட்டது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட போர்க்கைதிகளும் அந்தப் பாதையில் வடக்கே வந்து, பாங்காக்கை அடைவதற்கு முன்னரே பான் போங்கில் இறக்கப்பட்டார்கள். பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட மரணப் பாதை, பான் போங்குக்கு அருகில் உள்ள நோங் பிளாடுக்கில்தான் பிரிகிறது. உங்கள் பாட்டனார் இறங்கிய இடத்தைக் காண விரும்பினால் பான் போங்குக்குச் செல்லுங்கள்.

பினாங்கு வாசகர்: ஈப்போ அன்பருக்கு நீங்கள் தந்த விடை சரியில்லை. ஜப்பானியர் பாங்காக் நொய் நிலையத்தைப் பயன்படுத்தியதால்தானே அது குண்டுவீச்சுக்கு ஆளானது?

பயன்படுத்தினார்கள், நான் மறுக்கவில்லை. தலைநகரிலிருந்து தெற்குக்கும் மேற்குக்கும் செல்லும் பாதையின் தலைநிலையம் அது என்பதால் படையும் சரக்கும் அதன் வழியே சென்றன. அதனால்தான் நேசநாட்டு விமானங்கள் அதைக் குறிவைத்தன. ஆனால் சரக்கு சென்ற வழியையும் தொழிலாளர் வந்த வழியையும் ஒன்றாக்கினால், ஒரு பேரப்பிள்ளை தவறான நடைமேடையில் நின்று மாலை போடுவார்.

கிள்ளான் வாசகர்: அப்படியானால் இந்த அருங்காட்சியகத்தில் தமிழர்களுக்கு ஒரு பகுதி வேண்டும் என்று கேட்பது தவறா?

கேட்பது தவறில்லை, கேட்கும் முகவரிதான் தவறு. இது தோன்புரிப் பகுதியின் வரலாற்றையும் ஒரு மருத்துவமனையின் வரலாற்றையும் சொல்லும் இடம். உங்கள் கோரிக்கைக்கு உரிய ஊர் மரணப் பாதை செல்லும் காஞ்சனபுரி. அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்தத் தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. சினம் கொள்ள வேண்டிய இடம் அதுதான். இன்றைய தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கும், அதற்கு அப்பால் ‘நாம் டோக்’ என்னும் ஊருக்கும் ரயில் செல்கிறது. இந்தத் தகவலுக்கு மட்டும் நீங்கள் ரயில் நிலையத்தைப் பற்றி விசாரிக்கலாம்.

இதே பொருளில் மேலும் சில கேள்விகள் வந்துள்ளன. பாதையின் வழித்தடத்தைப் பற்றி வேறு விடை என்னிடம் இல்லை.

புதுச்சேரி வாசகர்: முழங்கால் வலிக்கு அங்கு காட்டும் மூலிகைகளில் எது நல்லது?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அருங்காட்சியகத்துப் பழைய மருந்துக்கடை காட்சிப்பொருளே.

நாகர்கோவில் வாசகர்: செவ்வாய்க்கிழமை பாங்காக்கில் இருப்பேன். பார்க்க முடியுமா?

முடியாது.

சென்னை ரயில் ஆர்வலர்: தெற்கு ரயில்கள் ஏன் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டன?

பாலம் இல்லை என்பதுதான் காரணம். தெற்குப் பாதை மீட்டர் கேஜாக அமைந்தது. கிழக்குக் கரையிலிருந்து வடக்கே சென்ற பாதையோ அப்போது 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. ஆறும் அளவும் இரண்டையும் பிரித்து வைத்திருந்தன. பயணிகள் படகில் ஆற்றைக் கடந்துதான் ரயில் ஏறினார்கள். வடக்கும் மீட்டர் கேஜுக்கு மாறத் தொடங்கி, 1927இல் ஆறாம் ராமா பாலம் திறந்த பின்னரே இரு கரைகளும் இணைந்தன. அதன் பிறகு கிழக்குக் கரையில் இருந்த ஹுவா லாம்போங் பெரிய நிலையமாக வளர, பாங்காக் நொய் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

யாழ்ப்பாண வாசகி: உள்ளூர் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பகுதி உண்டா?

உண்டு, பலரும் அதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். பான் பு குடியிருப்பினர் செய்யும் வெண்கலக் கிண்ணங்களை நின்று பாருங்கள். அவர்களுடைய முன்னோர் 1767இல் அயுத்தியா வீழ்ந்த பின் இங்கு வந்தவர்கள் என்பது அவ்வூர் வழக்கு. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, வார்த்த வட்டைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக் கிண்ணமாக்குவார்கள். பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தக் குடியிருப்பு அருங்காட்சியகத்திலிருந்து கால்வாயோரமாக நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. பட்டறைக்கு முற்பகலில் செல்வது நல்லது.