சதுப்பு நிலத்தைக் காப்பதற்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பை வைத்தே சொல்கிறேன். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சதுப்பை விழுங்கிய பின், பெருமழை என்றால் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம்.

வீட்டு வேலைக்குப் போகும் தாய் ஒருத்தியே பெரியவள் என்றால், முழங்கால் தண்ணீரில் எதை முதலில் பரணில் ஏற்றுவாள்? அரிசியையா, புத்தகப் பையையா, சாதிச் சான்றிதழும் ஆதார் அட்டையும் உள்ள உறையையா? வெள்ளம் வடிந்த பிறகும் சில நாள் கூலி இருக்காது. அவள் வேலை தேடிப் போக, மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் போகாமல் நிற்பாள். மதிப்பெண் சரிவது இங்கேதான் தொடங்குகிறது. ‘அப்பா இல்லாத பிள்ளை, அதனால்தான் படிக்கவில்லை’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீட்டில் குறைவாக இருப்பது நேரமும் பணமும்தான். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் விடியற்காலையில் கிளம்பும் தாய்க்கு உண்மையான உதவி.

பிள்ளைகளைச் சதுப்புக்குக் கூட்டிப்போய்ப் பறவை எண்ணவைத்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இந்தச் சதுப்பில் பூநாரையையும் நாமக்கோழியையும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதும் பிள்ளைக்கு, அக்கறையுள்ள இன்னொரு பெரியவரின் துணை கிடைக்கிறது. இப்படிப் பறவை எண்ணும் குழு நடத்துகிறவர்கள் சிற்றுண்டி கொடுங்கள், பிள்ளையை வீடுவரை கொண்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கார் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள்.