டர்போ கார்களில் வாட்டர் பம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட டர்போ கார்களின் வாட்டர் பம்பை, அதாவது கூலன்ட் என்னும் குளிரூட்டும் திரவத்தை எஞ்சினைச் சுற்றி ஓடவைக்கும் பம்பைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் அந்த ஓர் உறுப்புக்கே ஒதுக்கப்படுகின்றன.

கேள்வி: ஐயா, 2018-இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வைத்திருக்கிறேன். இதுவரை 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட், தொட்டியில் உள்ள கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வெப்ப முள்ளும் 90-ஐ விட்டு அசைவதில்லை. வெயிலில் ஆவியாகத்தான் செய்யும், ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்கிறார் மெக்கானிக். அப்படியே செய்யலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: செய்யக் கூடாது. உங்கள் காரின் குளிரூட்டும் அமைப்பு காற்றுப் புகாதபடி மூடப்பட்ட ஒரு சுற்று. அதில் ஊற்றிய கூலன்ட் கத்திரி வெயிலிலும் ஆவியாகி வெளியேற வழியில்லை. பல ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு குறையலாமே தவிர, ஆறு வாரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது என்றால் அது எங்கோ கசிகிறது என்றே பொருள். குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்புவது கசிவை நிறுத்துவதில்லை. கசிகிறது என்று வண்டி நமக்குச் சொல்லும் ஒரே செய்தியை அழித்துவிடுகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின்கள் பாழானதற்கு இந்த ஊற்றும் பழக்கமே காரணமாக இருந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 2.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினில் வாட்டர் பம்பும், கூலன்டின் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒரே தொகுதியாக, பிளாஸ்டிக் உறைக்குள் அமைந்துள்ளன. எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக அது மறைந்திருக்கிறது. எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டிலிருந்து ஒரு சிறிய பல்பெல்ட் அதைச் சுழற்றுகிறது. இந்தப் பிளாஸ்டிக் உறை நாளடைவில் வளைந்தோ விரிசல் விட்டோ, அதன் ரப்பர் சீல் இறுகிப்போயோ கசியத் தொடங்குவது இந்த எஞ்சின் குடும்பத்தில் உலகெங்கும் அறியப்பட்ட குறைபாடு. கசியும் கூலன்டில் பெரும்பகுதி சூடான உலோகத்தில் பட்டு அங்கேயே உலர்ந்துவிடுகிறது. மிச்சம் எஞ்சினுக்குக் கீழே உள்ள அடித்தட்டில் தேங்கிவிடுகிறது. உங்கள் தரை ஈரமில்லாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முள் அசையாததையும் நம்ப வேண்டாம். உண்மையான வெப்பம் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை ஏறி இறங்கினாலும் முள் 90-லேயே நிற்கும்படிதான், ஓட்டுநர் வீணாகக் கவலைப்படக் கூடாது என்ற எண்ணத்தில், இந்த நிறுவனத்தின் கார்களில் அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது பாதி ஆபத்து நடந்து முடிந்திருக்கும். பழுதறியும் கருவி மாட்டுவதற்கென்று காரில் உள்ள ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கி, கைப்பேசியில் உண்மையான எண்ணைப் பாருங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி வரை நீங்கள் வழக்கமாகச் செல்லும் சாலையில், வழக்கமான வேகத்தில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று சில நாள் குறித்துக்கொண்டால், பின்னொரு நாள் அது பத்து டிகிரி கூடுதலாகக் காட்டும்போது உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

டர்போ எஞ்சினில் பம்பின் சுமை ஏன் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டர்போவில் எஞ்சின் புகையால் சுழலும் டர்பைனுக்குள் நுழையும் புகை முழு வேகத்தில் 900 டிகிரியைத் தாண்டக்கூடியது. அதன் பேரிங் பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடியாக வேண்டும். உங்கள் எஞ்சினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே, எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருப்பதால், புகையின் சூட்டில் ஒரு பங்கும் நேராகக் கூலன்டுக்கே வருகிறது. எஞ்சினின் சக்தியைக் கூட்டும் மென்பொருள் ஏற்றிய வண்டிகளில் இந்தச் சூடு இன்னும் மிகும், ஆனால் பம்ப் பழைய பம்பாகவே இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது: எஞ்சின் முழுவதும் ஆறியபின் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கூலன்ட் தொட்டியின் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடிக்குக் குறிப்பிட்டுள்ள அழுத்தம் வரை ஏற்றி, இருபது நிமிடம் காத்திருந்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தட்டைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸின் மேற்புறத்தில் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அந்தப் பொருக்கு கசிந்து உலர்ந்த கூலன்டின் தடம். எஞ்சின் சூடாக இருக்கும்போது இனிப்பான ஒரு வாடை வந்தால் அதுவும் அதே செய்திதான். மூடியையும் தனியே சோதிக்க வேண்டும். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் இழுக்கும் பக்கத்தில் குமிழ்கள் தோன்றி வெடித்து, இம்பெல்லரையே அரித்துவிடும். மலிவான மூடி ஒன்று விலையுயர்ந்த பம்பைக் கெடுப்பது இப்படித்தான்.

பம்புப் பகுதியில் பொருக்கே இல்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால், டர்போவுக்குச் செல்லும் கூலன்ட் குழாய்களையும் ரேடியேட்டரையும் பார்த்துவிட்டு, கடைசியாகச் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்டில் புகை கலந்திருந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. நல்ல ஒர்க்‌ஷாப்களில் அது இருக்கும். பம்புதான் காரணம் என்று உறுதியானால் சீலை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். தொகுதி முழுவதையும், அதைச் சுழற்றும் சிறு பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: என் பிஎம்டபிள்யூ 328ஐ 2013-ஆம் ஆண்டு மாடல். இரண்டாம் கையாக வாங்கினேன், 88,000 கிலோமீட்டர் ஆகிறது. பம்ப் கெடும் முன் சத்தம் வருமா? முன்கூட்டியே மாற்றலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் காரில் இருப்பது மின்சாரப் பம்ப். பெல்ட் ஓட்டும் பம்பில் பேரிங் தேயும்போது ஊளைச் சத்தம் வரும், சீல் தேயும்போது அதன் அடியிலுள்ள சிறு துளையில் சொட்டும்; இதில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. உள்ளே இருக்கும் மோட்டாரோ மின்னணுப் பலகையோ பழுதாகி, சில நிமிடங்களுக்குள் வெப்பம் ஏறி, எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கெடுவதற்குமுன் கிடைக்கக்கூடிய ஒரே தடயம் ஸ்கேனரில் பதிந்திருக்கும் பழுதுக் குறியீடுதான். எனவே ஒவ்வொரு சர்வீஸிலும் எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் தெர்மோஸ்டாட்டுடன் சேர்த்து மாற்றிவிடுவதே என் பரிந்துரை. நகருக்குள் நின்றால் தள்ளியாவது ஓரம் கட்டலாம்; இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடக்கும்போது குடும்பத்துடன் நிற்பது வேறு. மாற்றும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பம்பைப் பிடிக்கும் அலுமினியப் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. புதியவை போட வேண்டும். கூலன்ட் நிரப்பியபின், எஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் சுமார் 12 நிமிடம் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றும் முறை இந்தக் காருக்கு உண்டு. பேட்டரியில் சார்ஜர் மாட்டிவிட்டு அதைச் செய்ய வேண்டும். அதைத் தவிர்த்தால் காற்றுக்குமிழ் உள்ளே தங்கி, புதுப் பம்பும் சூடேறும்.

கேள்வி: அபார்த் புன்டோவில் டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள். கசிவே இல்லையே?
– வாசகர், நெய்வேலி

பதில்: மாற்றுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்தான் அந்த எஞ்சினில் பம்பையும் ஓட்டுகிறது. பம்ப் இறுகினால் பெல்ட்டும் போய்விடும், பிறகு ஒன்றோடொன்று மோதிக் கெட்ட வால்வுகளையும் பிஸ்டனையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் சற்றே உப்புக் கரிக்கும். கூலன்டில் அதைக் கலக்கலாமா? இங்கே பனி உறைவதில்லையே, வெறும் தண்ணீர் போதாதா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: கடலோரத்துப் போர் தண்ணீரில் உள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும்; அதன் கடினத்தன்மை, பம்பின் சீல் முகத்தில் மணல்போலப் படிந்து அதைத் தேய்க்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே கலக்க வேண்டும். உறைவதைத் தடுப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும் நம் ஊருக்கு அதைவிட முக்கியமானவை. நிறத்தைப் பார்த்து வாங்காமல், கையேட்டில் சொல்லியிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத கூலன்டுகள் கடையில் இருக்கின்றன.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?
– வாசகி, தவளக்குப்பம், புதுச்சேரி

பதில்: பாதுகாப்பாக ஓரம் கட்டும் தூரம் மட்டுமே, அம்மா. கிருமாம்பாக்கத்தில் விளக்கு எரிந்தும், அடுத்தது கடலூர்தானே என்று ஓட்டிவந்த ஒருவரின் காரை நான் பிரித்துப் பார்த்தேன். சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. வழியில் முள் தானாகக் கீழே இறங்கியதால் சரியாகிவிட்டது என்று நினைத்ததாக அவர் சொன்னார். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் வெப்ப உணரியைச் சுற்றித் திரவமே இருக்காது. அப்போது அது காட்டும் எண் எஞ்சினின் வெப்பம் அல்ல.

விளக்கு எரிவதற்கு முன், வெப்பம் ஏறுவது மட்டும் தெரிந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, மெதுவாக நிறுத்த இடம் தேடுங்கள். ஹீட்டரில் சூடான காற்றுக்குப் பதிலாகக் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் இல்லை அல்லது சுற்றவில்லை என்று பொருள். உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். தொட்டியின் மூடியை ஒரு மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பாய்ந்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. ஆறிய பிறகும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், வண்டியைச் சமதளமான தட்டில் ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியை வரவழைத்து, ஒர்க்‌ஷாப்பில் முதலில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.