தடுப்பூசிக்குப் பின் சிவக்கும் கண்: வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்

கேள்வி: தடுப்பூசி போட்டுக்கொண்ட பத்தாம் நாள் வலக்கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறது. மெட்ராஸ் ஐ என்று எண்ணிக் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், மணல் விழுந்தது போல் உறுத்தும். பீளையே இல்லாமல் கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்து, உள்வலியும் கூச்சமும் மங்கலும் சேர்ந்திருந்தால், யுவைட்டிஸ் எனப்படும் உள்விழி அழற்சியாக இருக்கக்கூடும். ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால், ஓட்டு வீட்டுக் கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மிதப்பது போல, கருவிழிக்குப் பின்னுள்ள நீரில் வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும்.

கேள்வி: அப்படியானால் தடுப்பூசிதான் காரணமா?

பதில்: ஹெபடைட்டிஸ் பி, எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்), இன்ஃபுளுவென்சா, கொரோனா தடுப்பூசிகளுக்குப் பின் யுவைட்டிஸ் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு, அவை அரிதானவை, பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் ஊசிக்குப் பின் வந்தது வேறு, ஊசியால் வந்தது வேறு. ஒரு தனி நோயாளியிடம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே காசநோய், அக்கி வைரஸ், முதுகுத்தண்டை இறுக்கும் வாதம் போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தடுப்பூசியைச் சந்தேகிக்கிறோம். 1993இல் மதுரைப் பகுதியில் பெருமழை வெள்ளத்தை அடுத்து யுவைட்டிஸ் நோயாளிகள் திரண்டு வந்தபோது, விலங்குகளின் சிறுநீரால் மாசடைந்த நீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியே காரணமெனத் தெரியவந்தது. அந்த மாதம் அங்கே ஒரு தடுப்பூசி முகாம் நடந்திருந்தால், பழி முழுவதும் அதன்மேல் விழுந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. தடுப்பூசியின் பங்கை ஐயமின்றிச் சொல்லக்கூடிய நிகழ்வுகளும் உள்ளன: பெரியம்மைத் தடுப்பூசி போட்ட இடத்தைச் சொறிந்த விரலாலேயே கண்ணைத் தேய்த்தவர்களுக்கு, அதிலிருந்த உயிருள்ள வைரஸ் கண்ணில் தொற்றியது.

கேள்வி: மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடலாமா?

பதில்: கூடாது. கருவிழியில் அக்கி வைரஸ் புண் இருந்தால் அது பரவும். கண் அழுத்தமும் ஏறலாம். யுவைட்டிஸ் என்று உறுதியானாலும் ஸ்டீராய்டு மட்டும் போதாது; கண்மணி லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாதபடி அதை விரிக்கும் சொட்டும் வேண்டும், ஸ்டீராய்டையும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

கேள்வி: ஏற்கெனவே யுவைட்டிஸ் உள்ள நான் அடுத்த தவணையைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டியதில்லை, கண் அமைதியாக இருக்கும் காலமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் மட்டும், சின்னம்மை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமானது) போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முந்தைய தவணைக்குப் பின் கண் சிவந்திருந்தால், ஊசி போட்ட மையத்தில் அதைத் தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணுக்குப் பயந்து குழந்தைக்கு ரூபெல்லா தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: அது தலைகீழான கணக்கு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும் என்பதை 1941இல் கண்டு சொன்னவரே நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர்தான். உரிய நாளில் போட்டுவிடுங்கள்.