ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரன் வராதது ஏன்?

கேள்வி: வயது 27. மணலியில் ஷிப்ட் வேலை, வீடு தண்டையார்பேட்டை. வார நாட்களில் எங்கள் தெரு அணிக்கு டென்னிஸ் பந்தில் ஆடுகிறேன். ஞாயிறுகளில் கீழ் டிவிஷன் லீக் அணி ஒன்றுக்கு மேட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளம்) லெதர் பந்து. கடைசி 7 லீக் இன்னிங்ஸில் ஒருமுறைகூட 15 ரன்னைத் தாண்டவில்லை. கவர், மிட் ஆஃப் பக்கம் கேட்ச் 4, கீப்பர் கேட்ச் 1, போல்டு 1, ரன் அவுட் 1. டென்னிஸ் பந்தில் வழக்கம்போல் அடிக்கிறேன். ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு நிற்கும் முறையை மாற்றினேன், கனமான மட்டை வாங்கினேன். 3-வதாக இறங்கிய என்னை இப்போது 7-வதாக இறக்குகிறார்கள். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டும் பார்த்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா சுற்றிப் போட்டதில் நஷ்டம் ஒன்றும் இல்லை தம்பி. கனமான மட்டை வாங்கியதில்தான் நஷ்டம்.

“டென்னிஸ் பந்தில் வழக்கம்போல் அடிக்கிறேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான். கண்ணும் கையும் மந்தமாகிப் போயிருந்தால் புதன்கிழமையும் ரன் வராது. உங்கள் ஆட்டம் எங்கும் போய்விடவில்லை. புதன்கிழமை ஷாட்டை ஞாயிற்றுக்கிழமையும் ஆடுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆட்டமிழந்த கணக்கைப் பாருங்கள். ரன் அவுட்டை நீக்கிவிடுங்கள், அதற்கும் மட்டைவீச்சுக்கும் சம்பந்தமில்லை. மீதி 6-இல் 4 கேட்ச் ஒரே திசையில் போயிருக்கிறது. கெட்ட நேரம் இத்தனை ஒழுங்காக ஒரே பக்கம் வராது.

தெரு ஆட்டம் சில ஓவர்களில் முடிவது. எல்லை கைக்கெட்டும் தூரம். லெங்த் பந்தையும் எழும்போதே ஓங்கி, கவருக்கு மேலே தூக்கி விடுவது அங்கே சரியான ஷாட். பந்து மட்டையின் மேல்பகுதியில் பட்டாலும் ஆள் இல்லாத இடத்தில் விழும். பந்தின் வேகமும் தரையில் பட்டதும் குறைந்துவிடுவதால், கடைசி நேரத்தில் கையைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. லீக் மைதானத்தில் எல்லை தள்ளிப் போகிறது. இறுக இழுத்துக் கட்டிய மேட்டிங் விரிப்பில் லெதர் பந்து நீங்கள் எதிர்பார்ப்பதைவிட உயரமாகவும் விரைவாகவும் எழுகிறது. அதே ஷாட்டை ஆடினால் பந்து மட்டையின் நடுவில் படாமல் அதற்கு மேலே பட்டு, மெதுவாக வளைந்து மிட் ஆஃப் கைக்குப் போய்ச் சேர்கிறது. கீப்பர் கேட்ச்சும் இதே நோயின் இன்னொரு அறிகுறியாக இருக்கலாம்: கை உடம்பைவிட்டு விலகிப் பந்தைத் தேடிப் போகிறது.

மருந்து கசப்பானது. அடுத்த சில ஞாயிறுகளுக்கு, முதல் 20 பந்துகளில், காலுக்கு அருகே குத்தும் முழு நீளப் பந்தைத் தவிர வேறு எதையும் முன்னால் போய் டிரைவ் செய்யாதீர்கள். 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் சச்சின் செய்தது இதைத்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தி அந்தத் தொடரில் விக்கெட்டை இழந்துகொண்டிருந்தவர், கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 241 ரன்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கென்ன கௌரவம்?

ரன் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பின்னங்காலில் இருந்து. மேட்டிங் விரிப்பில் பந்து பெரும்பாலும் ஒரே சீராக எழும், பின்னால் போய் ‘கட்’, ‘புல்’ ஷாட்கள் ஆட அதைவிட நல்ல தளம் கிடையாது. டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் பின்னால் போவதையே மறந்துவிடுகிறார்கள். வட சென்னைப் பையன்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இது. ஆட்டத்துக்கு முன்பு விரிப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்து மடிப்பு விழுந்திருந்தால் பந்து நின்று வரும், இறுக்கமாக இருந்தால் பாயும். டாஸ் போடுகிறவர் மட்டும் பார்க்கவேண்டிய விஷயமல்ல இது.

கூடவே காற்று. கோடையில் நம் பக்கம் காலையில் நிலத்துக் காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று. கடற்காற்றை எதிர்த்துத் தூக்கி அடித்த பந்து எல்லைக்கு முன்பே தொங்கி நிற்கும். அந்த 4 கேட்ச்களில் எத்தனை மதியத்துக்கு மேல் நடந்தவை, எந்த முனையிலிருந்து அடித்தவை என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

பயிற்சிக்கு நெட் கிடைக்காது என்பது தெரிந்த கதை. மொட்டை மாடியும் ஒரு நண்பரும் போதும். லெதர் பந்துக்கான மட்டையை மேல் கையில் மட்டும் பிடித்து, நண்பர் பக்கத்தில் நின்று விடும் பந்துகளைத் தரையோடு தட்டுங்கள். டென்னிஸ் பந்துக்காகக் கீழ்க் கை பிடியை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் இதில் தளரும். நண்பர் வராத நாளில் ஸ்டம்பை மட்டையாக்கிச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அடியுங்கள். ஆஸ்திரேலிய ஜாம்பவான் பிராட்மேன் சிறுவயதில் கால்ஃப் பந்தை வைத்து இதைத்தான் செய்தார்; உங்களுக்கு டென்னிஸ் பந்து போதும், அக்கம்பக்கத்து ஜன்னல்களும் பிழைக்கும். போல்டான அந்த ஒரு முறைக்காகத் தனியாக எதுவும் செய்யவேண்டாம்.

டென்னிஸ் பந்தை விட்டுவிடச் சொல்லமாட்டேன். விடமாட்டீர்கள் என்பதும் தெரியும். ஆனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் அதைத் தொடாதீர்கள். லெதர் பந்தை 15 அடி தூரத்திலிருந்து கையால் எறியச் சொல்லி அரை மணி நேரம் ஆடினால் போதும்.

கனமான மட்டையைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுங்கள். தாமதமாக வரும் மட்டைக்கு எடையைக் கூட்டுவது என்ன வைத்தியமோ, எனக்குப் புரியவில்லை. நிற்கும் முறையையும் பழையபடி மாற்றிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலித்தது என்று தெரியும். சனி இரவு ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வருகிறீர்களா என்று எழுதவில்லை. வந்தால் ஷிப்டை மாற்றிக் கேளுங்கள். தூங்காத கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. பந்து கையைவிட்டுக் கிளம்புவது மங்கலாகத் தெரிந்தால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கடைசியாக அந்த 7-வது இடம். அங்கே இறங்குகிறவர் பெரும்பாலும் மீதமிருக்கும் ஓவர்களில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவேண்டியிருக்கும். நான் சொன்ன 20 பந்து விரதத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே கேப்டனிடம் தனியாகப் பேசுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் வேண்டாம், வாரத்தின் நடுவில், தேநீர்க் கடையில். “அண்ணா, 3-வது இடம் இப்போது வேண்டாம், அடுத்த பயிற்சி ஆட்டத்தில் என்னைத் தொடக்கத்தில் இறக்குங்கள், மெதுவாக ஆடினால் திட்டாதீர்கள்” என்று கேளுங்கள். புதுப்பந்தை எதிர்கொள்ளத் தானாக முன்வருகிறவனை எந்தக் கேப்டனும் லேசில் மறுக்கமாட்டார்.