கோல சிலாங்கூர் கரையோரம்: பயணத் தேதியை அமாவாசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து வயதான பெற்றோருடன் மலேசியா வருகிறோம். மலைப் பிரதேசங்கள் வேண்டாம். கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தாழ்நிலத்தில் காட்டுயிர்களையும் அங்குள்ள மக்களின் வாழ்க்கையையும் பார்க்க நான்கு நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பு, அமாவாசை என்றைக்கு வருகிறது என்று நாள்காட்டியில் பாருங்கள். நான் இந்த மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் பிறந்து வளர்ந்தவன். தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம். எங்கள் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டு உறவினர் யார் வருவதாகச் சொன்னாலும் அமாவாசையைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். தங்குமிடமும் சாப்பாடும் இங்கே எந்த நாளும் கிடைக்கும். இருட்டு அப்படிக் கிடைக்காது.

இருட்டு ஏன் வேண்டும் என்றால், கம்போங் குவாந்தான் என்ற ஆற்றோரக் கிராமத்தின் மின்மினிகளுக்காக. சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் என்ற மரம் வளர்கிறது. பொழுது சாய்ந்ததும் மின்மினிகள் அதன் இலைகளில் கூடுகின்றன. பெண்ணை அழைக்க ஆண் மின்மினிகள் விட்டு விட்டு ஒளிர்கின்றன. சற்று நேரத்தில் பக்கத்தில் இருப்பவையும் அதே தாளத்துக்கு வந்துவிட, மரம் முழுவதும் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைகிறது. நிலா வெளிச்சம் இருந்தால் இதில் பாதி அழகு போய்விடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கு நாட்களுக்குள் வந்துவிடுங்கள். இங்கே ஏழரை மணிக்குப் பிறகுதான் நன்றாக இருட்டும். மின்சார மோட்டார் படகு வேறோர் இடத்தில் உண்டு. ஆனால் நீங்கள் கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பானில் ஏறுங்கள். படகோட்டி மரத்துக்கு அருகிலேயே கொண்டுபோவார். கேமரா ஃபிளாஷையும் கைப்பேசி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அந்தப் பூச்சிகள் பேசிக்கொள்வதே ஒளியால்தான். நம் வெளிச்சம் அந்தப் பேச்சைக் கெடுத்துவிடும்.

அமாவாசையை ஒட்டிக் கடலும் அதிகமாக உள்வாங்கும். சாசாரான் என்ற கடலோர ஊரிலிருந்து படகில் போய்ப் பார்க்கும் நடுக்கடல் மணல்திட்டு வெளியே தெரிவது அந்த நாட்களிலும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும்தான். மணலில் தேங்கிய மெல்லிய நீரில் வானம் அப்படியே காலடியில் தெரியும். படம் எடுப்பதற்கு அருமையான இடம். பெற்றோருக்கு வெயில் தாங்காது என்றால் விட்டுவிடலாம், இழப்பில்லை.

கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவை மட்டும் விடாதீர்கள். புக்கிட் மெலாவாத்தி என்ற குன்றின் அடிவாரத்தில் இருக்கும் அலையாத்திக் காடு அது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பு நுழைந்துவிட்டால் சேற்றில் துள்ளும் மீன்கள், நண்டுகள், நாரைகள், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம் எல்லாம் கண்ணில் படும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. கோடியக்கரையில் பார்க்கும் சில இனங்களை இங்கேயும் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை மின்மினிப் படகையே நிறுத்திவிடும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை வருவதுதான் என் பரிந்துரை.

மெலாவாத்திக் குன்றின் மேல் கோட்டையின் எச்சமும் 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த இந்த இடத்தைச் சுல்தான் இப்ராஹிம் மறு ஆண்டே மீட்டார். அங்கே சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் கூட்டமாக இருக்கும். பிறந்து சில வாரமே ஆன குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தாயின் மார்பில் தொங்கும். காய்கறி வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். கருடன்களுக்குக் கோழித்தோல் வீசும் படகுப் பயணமும் அப்படித்தான். இலை தின்று வாழும் குரங்கையும் இரை தேடிப் பிழைக்கும் பறவையையும் கையேந்த வைப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இனி மக்கள் வாழ்க்கை. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டது எங்கள் ஊர்ப் பக்கத்துத் ‘தென்னைமரம்’ என்ற பெயருள்ள தோட்டத்தில், 1917இல். இந்த மாவட்டத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் காடு வெட்டியதும் பால் வெட்டியதும் குலை அறுத்ததும் பெரும்பாலும் தமிழர்கள். இன்று குலை அறுப்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அதிகம். நம் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோவில்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. திருவிழா என்றால் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்வார்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கோவிலில் பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் அப்பாவின் சொந்த ஊரைச் சொன்னால் போதும், பேச்சு தானாக வளரும். புக்கிட் ரோத்தான் என்ற ஊரில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் என்ற அம்மன் கோவிலையும் பார்த்துவிட்டு, அங்கேயே தோசையோ, பரோட்டா போன்ற ரொட்டி சானாயோ பசியாறலாம்.

இந்தத் தோட்டத்தையும் ஆற்றையும் சேர்த்தே பாருங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. மின்மினியின் புழு கரையோர ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. ஆற்றின் விளிம்புவரை செம்பனை நட்டால் புழுவுக்கு இடமில்லை, பெரெம்பாங் மரத்துக்கும் இடமில்லை. எங்களுக்குச் சோறு போட்ட பயிர்தான் அது. அதனாலேயே கரையைக் காப்பாற்றும் பொறுப்பு எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

தைப்பூசமும் வேண்டும் என்றால் ஒரு சிக்கல்: அது பௌர்ணமியை ஒட்டி வரும். அப்போது கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை முருகன் கோவிலை முதலில் முடித்துக்கொண்டு, நான்கைந்து நாள் கழித்து ஆற்றுக்கு வாருங்கள். அதற்குள் நிலா எழ இரவு பத்து மணி தாண்டிவிடும்; அதற்கு முன் படகில் போய்வந்துவிடலாம்.

இரவு படகுக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. கார் எடுத்துக்கொள்ளுங்கள்; கோலாலம்பூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்தான். இரண்டு இரவாவது கோல சிலாங்கூரிலேயே தங்குங்கள், ஒரு மாலை மழை கெடுத்தாலும் மறு மாலை கையில் இருக்கும். மீதி நாளில் வடக்கே செகிஞ்சான் என்ற ஊரின் நெல் வயல்களைப் பார்த்துவிட்டு, அங்குள்ள சீன மீனவர் கிராமத்தில் மீன் சாப்பிடலாம். பெற்றோருக்குக் கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் எடுத்து வையுங்கள்.