பத்து வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: பங்குச் சாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

பாவசங்கீர்த்தனம் என்றால் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அதைத் தெரிந்த சாமியாரிடமே சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேளாங்கண்ணிக்கோ பூண்டி மாதா பேராலயத்துக்கோ போங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். அப்போது நிதானமாகப் பேச முடியாது.

“கடைசியாகச் செய்து பத்து வருடம் ஆகிறது சாமி” என்று தொடங்குங்கள். முறை மறந்திருந்தால் அவரே கேட்டு நடத்துவார். சாவான பாவங்களை (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையுமாகச் சொன்னால் போதும், கதை வேண்டாம். பலர் தடுமாறுவது இங்கேதான்: வெட்கப்பட்டு வேண்டுமென்றே ஒன்றை மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறந்துபோனது வேறு, அது மன்னிக்கப்படும், நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள்.

பிறகும் மனசு உறுத்தலாம். அதற்காக மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை (1 யோவான் 1:9). ஆனால் குறுவைக்கு வாங்கி ஏமாற்றிய கடன் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது செபமாலையில் கழியாது.